அசைந்தால்தான் ஆள்

எங்கள் தீப்பெட்டி ஆபீசில் ஒரு கட்டடம் இருக்கிறது. அதற்கு மூளை உண்டு என்று சொன்னார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயரிங் பார்த்தவள் நான். ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அங்கேதான் கரண்டு வேலை பார்க்கிறேன். சுவருக்குள் ஓடுகிற ஒவ்வொரு கம்பியும் என் கைபட்டது. மூளை எந்த மூலையில் இருக்கிறதென்று இன்றுவரை நான் பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ்தான். ஒரு பெண் "ஆபீசுக்குப் போறேன்" என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் போகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பெட்டி அடைக்கவோ, லேபிள் ஒட்டவோ, பண்டல் கட்டவோ போகிறாள் என்று அர்த்தம்.

எங்கள் முதலாளிக்கு ஒரே மகள். மகளைக் கட்டிக்கொண்டவர் பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர். காம்பவுண்டுக்குள் அவருக்கு வேறு பெயரே கிடையாது. வாட்ச்மேனிலிருந்து குச்சியை மருந்தில் முக்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. எங்கள் ஊரில் வீட்டு மாப்பிள்ளை சொன்னதில் குறை சொல்கிற வழக்கம் இல்லை. அவர் கருவாட்டைப் பார்த்துக் கத்தரிக்காய் என்றால், இன்னும் ரெண்டு கத்தரிக்காய் வைக்கட்டுமா என்று கேட்கிற ஜனம் நாங்கள். இந்த ஒரு வழக்கம்தான் எங்கள் வீட்டில் ஒரு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

மாப்பிள்ளை ஒரு கண்டுபிடிப்புக் கண்டுபிடித்திருந்தார். கட்டடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். விளக்கு எரிய வேண்டுமா, காற்றாடி ஓட வேண்டுமா, கதவு பூட்ட வேண்டுமா என்று மனிதர்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. கூரையில் வெள்ளையாக, இட்லியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கண். அந்தக் கண் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும். கதவு நிலையில் ஒரு சின்னப் பெட்டி, கதவில் அதற்கு ஜோடியாக ஒரு காந்தம். இரண்டும் ஒட்டி நின்றால் கதவு சாத்தியிருக்கிறது, விலகினால் திறந்திருக்கிறது. கதவும் சாத்தி, உள்ளே அசைவும் இல்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிக் கட்டடம் தூங்கப் போய்விடும். விளக்கு அணையும், ஏசி நிற்கும், அரைமணி அப்படியே போனால் கதவும் பூட்டிக்கொள்ளும். இதற்குக் காப்புரிமை கேட்டு மனுவும் போட்டிருந்தார். ஓட்டிக் காட்ட ஒரு கட்டடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முதலாளி லேபிள் ஒட்டவும் பண்டல் அடுக்கவும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்ததைத் தூக்கி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். நல்லவேளை, மருந்து இருக்கிற பக்கம் இந்த விளையாட்டுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை.

"சிஸ்டர், இனிமே உங்களுக்கு வேலையே இருக்காது" என்றார் மாப்பிள்ளை என்னிடம். எல்லாப் பெண்களையும் அவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். திட்டத் தெரியாது, குரலை உயர்த்தத் தெரியாது. கெட்டவராக இருந்திருந்தால் எவளாவது முதல் வாரத்திலேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு, கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முதல் நாளே லட்சணம் தெரிந்துவிட்டது. லேபிள் ரூமில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். பத்து நிமிஷத்தில் பொசுக்கென்று விளக்கு அணைந்தது, ஏசி நின்றது. ஒருத்தி எழுந்து நின்றதும் விளக்கு வந்தது. உட்கார்ந்தாள், பத்து நிமிஷத்தில் மறுபடியும் போனது. லேபிள் ஒட்டுகிறவளுக்கு விரல்தான் ஓடும், உடம்பு ஆடாது. உடம்பு ஆடினால் லேபிள் கோணும். கைவேலை முழுசாகத் தெரிந்தவள் எவளோ அவள்தான் அசங்காமல் இருப்பாள். கண்டுபிடிப்பின் கண்ணுக்கு அவள் ஆளே இல்லை. வேலை செய்யாமல் எழுந்து நடந்து கதையளக்கிறவள்தான் ஆள்.

மாப்பிள்ளை வந்து பார்த்தார், தாடையைத் தடவினார், தீர்வு சொன்னார். "சிம்பிள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டிருங்க சிஸ்டர்."

"கைய மட்டும் ஆட்டுனாப் போதுமா, எந்திரிச்சு ஒரு கும்பிடும் போட்டுரட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, "அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர்" என்று சிரித்தார்.

பெண்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். எங்களில் ஒருத்தி இருக்கிறாள், வாய் பேசும்போது இரண்டு கையும் சேர்ந்து பேசும். மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார முடியாது, முகத்தில் அடி விழும். அவளைக் கொண்டுபோய் அந்தக் கண்ணுக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து விளக்கு அணையவில்லை. அவள் லீவு போட்ட நாளெல்லாம் இருட்டுதான். ஆபீஸ் ரூமில் பெரிய டிவி அளவுக்கு ஒரு திரை வைத்து, அதில் பச்சையும் சிவப்புமாகக் கட்டடத்தின் ஜாதகமே ஓடும். திரை ஒழுங்காகப் பச்சை காட்டுகிறதென்று மாப்பிள்ளை மாமனாரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஒருத்தியின் மாமியார் புண்ணியத்தில் கட்டடம் ஓடுகிறதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கைபேசும் பெண்ணுக்கு நேர் எதிர் என் மதினி. என் அண்ணன் மனைவி, குளத்தூர்ப் பக்கத்துக்காரி. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மதினி ஒட்டுகிற லேபிளில் ஓரம் இம்மிகூட விலகாது. பேச்சும் அப்படித்தான், ஒரு நாளைக்கு மொத்தமாக இருபது வார்த்தை பேசினால் அதிகம். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, ஊர் வாயில் விழுந்து எழுந்து, அந்த வருஷம்தான் உண்டானாள். மாசியில் அஞ்சு முடிந்து பங்குனியில் ஆறு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வேலைக்குப் போகவேண்டாம் என்றான். "வீட்ல இருந்தா நெனப்பு அங்கன இங்கன ஓடுது. ஆபீஸ்ல ஒக்காந்திருந்தாத்தான் மனசு நிக்குது" என்று மதினி சொல்லிவிட்டாள். லேபிள் ரூமில் ஏசி இருந்தது அவளுக்கு வசதி. ஏசி பேப்பர் சுருளாமல் இருக்கத்தான், பெண்களுக்காக இல்லை. இருந்தாலும் குளிர் குளிர்தானே.

பங்குனி பிறந்ததும் கரிசல் தன் வேலையைக் காட்டியது. எங்கள் மண்ணைத் தெரியாதவர்கள் இங்கே கட்டடம் கட்டினால் இதுதான் நடக்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். பங்குனி, சித்திரையில் காய்ந்து வாய் பிளக்கும். மேலே நிற்கிற சுவர், நிலை, கதவு எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும், இறங்கும். எங்கள் ஊர் ஆசாரி கதவு மாட்டினால் இதற்கென்று இடம் விட்டு மாட்டுவார். மாப்பிள்ளை ஆசாரியைக் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து இரும்புக் கதவு, நூல் பிடித்த மாதிரி அளவெடுத்து வந்து இறங்கியது. பங்குனி பாதியில் நிலை ஒரு பக்கம் சாய்ந்து, கதவுக்குக் கீழே விரல் நுழைகிற சந்து விழுந்தது. மேலே பெட்டியும் காந்தமும் விலகிப்போயின. கதவைச் சாத்தினாலும் கட்டடத்துக்குச் சாத்தின மாதிரித் தெரியவில்லை.

அதற்கு வாயும் வைத்திருந்தார் புண்ணியவான். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். "தயவுசெய்து கதவைச் சாத்தவும். தயவுசெய்து கதவைச் சாத்தவும்." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டு.

"சாத்தித்தாம்ட்டி இருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று உள்ளேயிருந்து பதில் போகும்.

"தயவுசெய்து கதவைச் சாத்தவும்."

"ஒன் வாயச் சாத்துட்டி மொதல்ல, சவம்!"

மூன்றாம் நாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் மண்டையிடி. ஆனால் அவர் சொன்னது இது: "ஏம்மா, இத மாப்பிள்ளட்ட சொன்னா மனசு சங்கடப்படுவாவ. மகளும் என்ட்டதான் சண்டைக்கு வருவா. நீயே எதையாச்சும் பண்ணி அது வாய அடச்சிரு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

"மொதலாளி, நெல சாஞ்சிட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா, அவியளே பெட்டிய வேற எடத்துல மாட்டச் சொல்லிருவாவளே."

"சொல்லுததக் கேளும்மா" என்றார். பெண்ணைக் கொடுத்தவரின் குரல் அது. மாப்பிள்ளை முகம் வாடக்கூடாது, திரை பச்சையாக இருக்கவேண்டும், குரல் கத்தக்கூடாது, அவ்வளவே அவருக்கு வேண்டியது.

எனக்கு அது அரை நிமிஷ வேலை. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து ஒரு துண்டு காந்தத்தை உடைத்தெடுத்து, நிலையில் இருந்த பெட்டியின்மேலேயே வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றினேன். பெட்டிக்குப் பக்கத்தில் காந்தம் இருந்தால் போதும், கதவு சாத்தியிருக்கிறதென்று நம்பிவிடும். கதவை விரியத் திறந்துபோட்டாலும் திரையில் 'சாத்தியுள்ளது' என்று பச்சை எரிந்தது. குரல் நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். "படிச்சவுக படிச்சவுகதாம்ட்டி" என்றாள் கைபேசுகிறவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையின் மகா மூளையை ஒரு ஓட்டை ஸ்பீக்கர்த் துண்டால் ஏமாற்றிவிட்டேன் என்று வீட்டில் போய்ச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மதினிகூடச் சிரித்தாள்.

கதவு திறந்திருக்கிறதென்று நினைத்துக் கத்திக்கொண்டிருந்தவரைக்கும் அந்தக் கட்டடம் தூங்கப் போகாது என்பதை நான் யோசிக்கவில்லை. கத்தலை நிறுத்தினதோடு அந்தக் காவலையும் சேர்த்து நிறுத்தினேன். இதை யோசிக்கத்தான் எனக்கு ஐ.டி.ஐ.யில் சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

சித்திரையில் மதினிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. அதே வாரம்தான் மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பைப் பார்க்க வெளியூரிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்று அமளி. பார்த்துப் பிடித்தால் அவர்கள் கம்பெனி இதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் மாட்டுமாம். முதலாளி கடம்பூருக்கு ஆள் அனுப்பிப் போளி வாங்கிவைத்தார். மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை. ஆட்களெல்லாம் வெளியே போனபிறகு கட்டடம் தானாகத் தூங்குவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே, அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் திடுதிப்பென்று அரைநாள் லீவு விட்டார்கள்.

விளாத்திகுளம் பக்கம் போகிற ஆபீஸ் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பெண்கள் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மதினி வேனில் போய்விட்டாள் என்று நான் நினைத்தேன். நான் என்னோடு அவளை நிறுத்திவைத்திருப்பேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில், சாப்பிட்டதும் கிறுகிறுவென்று வந்து, லேபிள் ரூமில் பின்பக்கம் அடுக்கிவைத்த பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டிருக்கிறாள். ஏழு மாதக்காரி, ஏசிக் குளிர், அயர்ந்த தூக்கம். செல்போன் கேட்டில் வாட்ச்மேனிடம் இருந்தது; தீப்பெட்டி ஆபீசுக்குள் மாப்பிள்ளையைத் தவிர எவரும் போன் கொண்டுபோகக்கூடாது.

என்னைப் புடவை மாற்றி நிற்கச் சொல்லியிருந்தார்கள். லேடி எலெக்ட்ரீஷியன் ஒருத்தி பின்னால் நின்றால் பார்க்க நன்றாக இருக்குமாம். வந்தவர்கள் போளி தின்று, காப்பி குடித்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் ஒவ்வொரு ரூமாகப் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் போனது. கடைசியில் லேபிள் ரூம். அசைவு இல்லை. கதவு சாத்தியுள்ளது. ஆட்கள்: பூஜ்யம்.

"பாருங்க, யாரும் ஒரு சுவிட்சத் தொடல" என்றார் மாப்பிள்ளை. முகமெல்லாம் பூரிப்பு. "பத்து நிமிஷத்துல விளக்கும் ஏசியும் மட்டும்தான் போகும். அரைமணி அசைவில்லன்னா முழுத் தூக்கம், உள்ள இருந்து கதவத் தெறக்கற பட்டன்கூட ஆஃப் ஆயிடும். ஆளே இல்லாத ரூமுக்கு உள்பக்கம் பட்டன் எதுக்கு? கூரையில இருக்கற கண்ணும் ஆஃப். ஒரு துளி கரண்டு வீணாகாது."

வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் "பிரமாதம்" என்றார். பிரமாதமாம்! உள்ளே ஒருத்தி விழித்துக்கொண்டு கையை ஆட்டினாலும் பார்க்கக் கண் இல்லை, அமுக்கப் பட்டன் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் வைக்காத ரூமில், சித்திரை வெயில்.

இன்னும் பேச்சு முடியவில்லை. அரைமணிக்கு மேல் ஆனது. பிறகு கட்டடத்தைச் சுற்றிக் காட்டக் கிளம்பினார்கள். முதலாளி என் காதுக்குள், "முன்னால போயி, வராண்டாவுல கெடக்கத எல்லாம் எடுத்து ஓரமாப் போடும்மா, பெரிய மனுசங்க வாராவ" என்றார்.

எங்கள் ஆபீசில் உள்ளே செருப்போடு போகமாட்டோம். கரிசல் ஒட்டின செருப்போடு லேபிள் ரூமுக்குள் போனால் பேப்பர் நாசமாகும். எல்லாச் செருப்பும் வாசலில்தான் கிடக்கும். முன்பு கதவு பூட்டுகிற சூப்பர்வைசர் அதைத்தான் பார்ப்பார். ஒரு ஜோடி கிடந்தாலும், "எவட்டி அது உள்ள?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். கட்டடத்துக்கு மூளை வந்த பிறகு அவரைப் பண்டல் எண்ண அனுப்பிவிட்டார்கள்.

வராண்டாவில் ஒரு வாளி, ஒரு துடைப்பம், ஒரு ஜோடி செருப்பு. செருப்பைக் காலால் ஓரத்துக்குத் தள்ளப் போனேன். இடதுகால் வார் அறுந்து, அதில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. போன வாரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான்தான் சுற்றினேன்.

திரும்பி ஓடினேன். "மொதலாளி, உள்ள எங்க மதினி இருக்காவ. கதவத் தெறக்கச் சொல்லுங்க!"

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கையில் இருந்த போனைப் பார்த்தார். "இல்ல சிஸ்டர், சான்ஸே இல்ல. ஜீரோ காட்டுது பாருங்க."

"செருப்பு கெடக்கு!"

"மறந்து விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"இந்த வெயில்ல வெறுங்காலோட எவ ரோட்டுல நடப்பா? ஒங்க மாமியாவ நடக்கச் சொல்லிப் பாப்பமா?"

அப்படி ஒரு வார்த்தை அந்தக் காம்பவுண்டுக்குள் அதுவரை யாரும் மாப்பிள்ளையிடம் பேசியதில்லை. முதலாளி, "ஏம்மா, பைய, பைய, ஆளுக இருக்காவ" என்றார். பைய என்றார், கேட்டீர்களா? உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியாத நேரத்தில் அந்த மனிதர், விருந்தாளி காதில் விழுந்துவிடுமே என்றுதான் பயந்தார்.

மாப்பிள்ளை போனில் கட்டடத்தை எழுப்பினார். எழுந்தால்தானே? முதலில் அது தன்னைத் தானே சோதித்துப் பார்க்குமாம். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. "ஃபைவ் மினிட்ஸ் சிஸ்டர், செக் முடியணும்." நான் மெயினைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன், பூட்டுக்குத் தனி பேட்டரி வைத்து அதற்கு ஒயர் இழுத்தவளும் நான்தான். கரண்டு போனாலும் திறக்காது. எல்லாம் என் கையாலேயே செய்திருந்தேன்.

கதவுக்கு ஓடினேன். "மதினி! மதினி!" என்று கத்தினேன். பதில் இல்லை. அப்போதுதான் கீழே பார்த்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில், கரிசல் இறங்கி விட்ட அந்தச் சந்தில், நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் பசை காய்ந்திருந்தது. பக்கத்தில் உடைந்த வளையல் துண்டுகள். எவ்வளவு நேரம் தட்டினாளோ! கட்டடத்துக்குக் கண் வைத்தவர்கள் காது வைக்கவில்லை.

அந்த விரல்களைத் தொட்டேன். அசையவில்லை. பிறகு மெதுவாக ஒன்று மடங்கியது.

தோட்ட வேலைக்கு வைத்திருந்த கடப்பாரையை எடுத்துவந்தேன். "மதினி, கைய உள்ள இழுத்துக்கோங்க!" என்று கத்தினேன். விரல்கள் உள்ளே போயின. நிலை சாய்ந்த பக்கம் கடப்பாரை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. நூல் பிடித்த மாதிரி கதவு நின்றிருந்தால் கடப்பாரை இறங்கியிருக்காது. வாட்ச்மேனும் சூப்பர்வைசரும் வந்து சேர்ந்து பிடித்தார்கள். மூன்றாம் தள்ளலில் பூட்டு நிலையிலிருந்து பெயர்ந்து வந்தது. மாப்பிள்ளையின் போனில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மதினி தரையில் கன்னத்தை வைத்து, மூக்கைச் சந்துக்கு நேராக வைத்துக் கிடந்தாள். அந்தச் சந்துக் காற்றில்தான் பிழைத்திருக்கிறாள். புடவை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. தூக்கி உட்கார வைத்தேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏட்டி, வயித்துல அசைவே இல்லட்டி" என்றாள்.

எட்டு வருஷம். கோயில் கோயிலாக அவள் நடந்தது, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அண்ணன் நின்றது, எல்லாம் என் ஒரு துண்டு காந்தத்தில் போய்விட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளையே காரை எடுத்தார். பின்சீட்டில் மதினி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அசையல, அசையல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிறவள் அன்று வழியெல்லாம் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயசான நர்ஸ் அவளைப் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு வயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்து, நகர்த்தி, நகர்த்தித் தேடினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நகர்த்தினார். பிறகு கேட்டது. லொடலொடவென்று, விடாமல், நெஞ்சு அடிக்கிற சத்தம்.

மதினி ஓவென்று அழுதாள். "அசையவே இல்லியே சிஸ்டர், அசையவே இல்லியே."

நர்ஸ் அதட்டினார். "பிள்ள தூங்குதும்மா. அசையாமக் கெடந்தா ஆளே இல்லன்னு ஆயிருமா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான் ஒனக்கு?"

மாப்பிள்ளை கதவோரம் நின்றிருந்தார். அவரைத் தெரிந்து நர்ஸ் சொல்லவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்றுதான் அவர்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது. மறுநாளே அது போய்விட்டது.

மறுநாள் அவர் நிலையிலிருந்து என் காந்தத்தை உரித்தெடுத்து, ஆபீஸ் ரூமில் மேஜைமேல் வைத்தார். "மாமா, இதுதான் ரீசன். சிஸ்டத்துல தப்பே இல்ல. யாரோ ஏமாத்தியிருக்காங்க. இது இல்லன்னா டோர் ஓபன்னு காட்டியிருக்கும், லாக்கே ஆகியிருக்காது."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதலாளி காலண்டரைப் பார்த்தார். சுவரில் இருக்கிற சாமிப் படத்தைப் பார்த்தார். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்" என்றேன். "அது என் தப்பு, இல்லைன்னு சொல்லல. யாரு வைக்கச் சொன்னான்னு ஒங்க மாமாட்ட கேளுங்க. எதுக்குச் சொன்னாவன்னும் கேளுங்க. நெல சாஞ்சிட்டுன்னு ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல இந்தக் காம்பவுண்டுல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. ஒங்க மொகம் வாடிருமாம்."

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். "யாருப்பா அங்க, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை சும்மா இருந்தாரா? இல்லை. இரண்டு மாதம் யோசித்துப் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். வாசலில் ஒரு எவர்சில்வர் ஸ்டாண்டு. அதில் செருப்பை வைத்தால் ஒரு கண் அதை எண்ணும். எண்ணின செருப்பெல்லாம் எடுத்தால்தான் கட்டடம் தூங்கப் போகும். இதற்கும் உரிமை கேட்டு மனுப் போட்டிருக்கிறாராம். சூப்பர்வைசர் அந்த ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத நான் அப்பயே கண்டுபிடிச்சு வச்சிருந்தேனே, ஒருத்தரும் கேக்கலியே" என்றார். காந்தம் இப்போது என் டூல் பையில் கிடக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. கொஞ்சம் தலை கனக்கிற அன்று எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

மதினிக்கு ஆடியில் பெண் பிறந்தது. ராட்சசி. அவள் அம்மாவுக்கு நேர் எதிர், ஒரு நிமிஷம் கைகால் சும்மா இருக்காது. பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, தை பிறந்ததும் மதினி வேலைக்கு வந்தாள். பெயர்ந்த பூட்டைத் திரும்ப மாட்டியாயிற்று. மழையில் கரிசல் ஊறி, நிலை நிமிர்ந்து, கதவு இப்போது சந்தில்லாமல் கச்சிதமாகச் சாத்துகிறது. மாப்பிள்ளை அளவெடுத்த மாதிரியே.

முதல் நாள் மதினி வராண்டாவில் நின்று செருப்பைக் கழற்றினாள். வலதுகால் செருப்பை அந்த எவர்சில்வர் ஸ்டாண்டில் வைத்தாள். சிவப்பு டேப் சுற்றின இடதுகால் செருப்பைக் கையில் எடுத்து, கதவிடுக்கில் செருகி, கதவு சாத்தாதபடி நன்றாக ஒரு மிதி மிதித்துவிட்டு உள்ளே போனாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, அசையாமல் லேபிள் ஒட்ட ஆரம்பித்தாள்.

"தயவுசெய்து கதவைச் சாத்தவும்" என்று குரல் ஆரம்பித்தது.

முதலாளி ஆபீஸ் ரூமிலிருந்து வெளியே வந்தார். வராண்டாவில் நின்ற என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "ஏம்மா, அது வாய…" என்று இழுத்தார்.

"கத்தட்டும் மொதலாளி" என்றேன்.

சாயங்காலம் வரைக்கும் கத்தியது. உள்ளே பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட அதற்குப் பதில் சொல்லவில்லை.